சியாட்டிலில் எந்தத் தெரு?

சியாட்டில்! அமெரிக்க நாட்டின் மேற்குக் கோடியில், மலையும் ஏரியும் கடலும் மழையும் உறவாடி நிற்கும் நகரம். வானூர்தி செய்த நகரம், காப்பி விற்ற நகரம், கணிப்பொறி வல்லுநர் குவிந்த நகரம் என்று நம்மவர் பலரும் அறிவர். அந்நகரைக் காணும் வாய்ப்பு, சென்ற கோடை விடுமுறையில் நமக்குக் கிட்டிற்று. நாமாகத் தேடிச் சென்றோமில்லை. அக்காளின் பேறுகாலத்துக்கு அன்னையாரை அழைத்துச் சென்று சேர்ப்பிக்கும் கடமை நம்மீது விழுந்தது. பள்ளி மூடியதும் புறப்பட்டோம்.

அத்தான் ஒரு பட்டியலே எழுதி வைத்திருந்தார். இன்ன நாளில் இன்ன இடம், இன்ன பேருந்து, இன்ன கட்டணம். ஆசிரியர் கையில் பட்டியல் கிடைத்தால் அது பாடத்திட்டம் ஆகிவிடும். முடிக்காமல் விட மனம் ஒப்பாது. ஆகவே முதல் நாளே விண்வெளி ஊசி என்னும் கோபுரத்தின் அடியில் போய் நின்றோம்.

1962 ஆம் ஆண்டு அங்கே நடந்த உலகக் கண்காட்சிக்காக எழுப்பிய கோபுரம் அது. உயரம் 605 அடி. நுழைவுக் கட்டணத்தைக் கேட்டால் தலை சுற்றும். மேலே போனால் தரை சுற்றும். ஆம், 2018 இல் புதுப்பித்தபோது கண்ணாடியாலேயே தரை அமைத்து, அது மெல்லச் சுழலும்படி செய்திருக்கிறார்கள். காலடியில் வீதிகள் எறும்புப் புற்றாய்த் தெரிகின்றன. தெற்கே, வெண்பனி போர்த்து, 14,410 அடி உயரத்தில் ரெய்னியர் மலை. அதைத் தொல்குடியினர் தகோமா என்றனர். யாரோ ஒரு கடற்படை அதிகாரியின் பெயர் இப்போது அதன் தலையில் ஏறியிருக்கிறது. வானம் தெளிந்தால்தான் அது தென்படும். நமக்கு மூன்றாம் நாள்தான் காட்சி கொடுத்தது. கோபுரத்தின் காலடியிலிருந்து நகர நடுவுக்கு ஒற்றைத் தண்டவாள ரயில் ஓடுகிறது. அதுவும் 1962 ஆம் ஆண்டினதே. ஏறி அமர்ந்து மூச்சு விடுமுன் இறங்க வேண்டியிருக்கிறது. கோபுரத்தைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. உயரத்தில் நின்றால் ஊர் தெரியும், ஊரார் தெரியமாட்டார்.

ஊராரைக் காணப் பைக் பிளேஸ் அங்காடிக்குப் போகவேண்டும். எவரேனும் நம்மிடம், ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது, எங்கே போகலாம் என்று கேட்டால், அங்கே போங்கள் என்போம். அந்த அங்காடி பிறந்த கதை வெங்காயக் கதை! 1906 க்கும் 1907 க்கும் இடையில் வெங்காய விலை பத்து மடங்கு ஏறியதாம். விளைவித்தவனுக்கு ஒன்றும் எட்டவில்லை. வாங்கியவள் கண்ணீர் விட்டாள். நடுவில் நின்ற தரகன் கொழுத்தான். இதற்கு முடிவுகட்ட, தாமஸ் ரெவெல் என்னும் நகர மன்ற உறுப்பினர், உழவரும் நுகர்வோரும் நேரே சந்திக்க ஓர் இடம் வேண்டுமென வாதாடினார். 1907 ஆகஸ்ட் 17 ஆம் நாள் சில உழவர்கள் வண்டிகளில் காய்கறி கொண்டுவந்தார்கள். காத்திருந்த கூட்டம் அள்ளிக்கொண்டு போயிற்று. நம் நாட்டு உழவர் சந்தையை அறிந்தோர்க்கு இதன் பொருளை விளக்கவேண்டுவதில்லை. பின்னாளில் இந்த அங்காடியை இடித்துவிட்டு மாடமாளிகை கட்டத் திட்டம் தீட்டினர் செல்வர். விக்டர் ஸ்டெயின்புரூக் என்ற கட்டடக் கலைஞர் மக்களைத் திரட்டினார். 1971 இல் நகரமக்கள் வாக்களித்து அதைக் காத்துக்கொண்டார்கள்.

அங்கே மீனை எடை போடுவதற்குக் கையில் கொடுப்பதில்லை, எறிகிறார்கள்! ஒருவர் கூவ, மற்றொருவர் பிடிக்க, ஓராள் கை நீளச் சால்மன் மீன் நம் தலைக்குமேல் பறக்கிறது. அன்னையார் அஞ்சி ஒதுங்கினார். பிறகு அரைமணி நேரம் அங்கிருந்து நகர மறுத்தார். வாயிலில் வெண்கலத்தால் ஆன ஒரு பன்றி நிற்கிறது. பெயர் ரேச்சல். 1986 முதல் அது உண்டியல். பன்றியின் முதுகில் காசு போடுகிறார்கள். அந்தக் காசு அங்காடியைச் சார்ந்த ஏழைகளின் மருத்துவத்துக்கும் உணவுக்கும் குழந்தைக் காப்பகத்துக்கும் போகிறது. எந்த வரமும் தராத பன்றி. எந்தக் கணக்கையும் மறைக்காத உண்டியல்! அன்னையார் ஒரு டாலர் போட்டார். போடும்போது பழக்கத்தால் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நாம் பார்க்காததுபோல் இருந்துவிட்டோம்.

சற்றுத் தள்ளி ஒரு காப்பிக் கடை முன் நீண்ட வரிசை. உலகெங்கும் கிளைபரப்பிய ஸ்டார்பக்ஸ் நிறுவனத்தின் முதல் கடை என்று நம்பி நிற்கிறார்கள். உண்மையில் 1971 இல் முதற்கடை திறந்த இடம் வேறு. வெஸ்டர்ன் அவென்யூவில் இருந்தது. 1976 இல்தான் இவ்விடத்துக்கு வந்தது. தலபுராணம் எழுத ஆயிரம் ஆண்டு வேண்டும் என்பதில்லை. ஐம்பதாண்டு போதும் போலும்!

இந்த அங்காடி நிற்கும் மேட்டின் அடிவாரத்தில் ஒரு குடிசை இருந்தது. அதில் கிகிசோப்லு என்னும் மூதாட்டி வாழ்ந்தார். யார் இவர்? எவருடைய பெயரை இந்த நகரம் சூடியிருக்கிறதோ, அந்தச் சியால் என்னும் தொல்குடித் தலைவரின் மகள்! 1851 இல் வெள்ளையர் வந்திறங்கினர். 1855 இல் உடன்படிக்கை எழுதி நிலத்தைக் கொண்டனர். 1865 இல் நகர ஆட்சி ஒரு சட்டம் செய்தது: தொல்குடியினர் நகருக்குள் குடியிருத்தல் கூடாது. தந்தையின் பெயர் நகருக்கு. மகளுக்கு நகரில் இடமில்லை! அம்மூதாட்டி அசையவில்லை. துணி வெளுத்தும் கூடை விற்றும் 1896 இல் சாகும்வரை அங்கேயே வாழ்ந்தார். அவருடைய ஒளிப்படத்தை அஞ்சலட்டையாக அச்சிட்டு விற்றார்கள். தலைவரின் பேருரை என்று பூமியையும் காற்றையும் போற்றும் அழகிய வாசகங்கள் சுவரொட்டிகளில் காணப்படும். நம் பள்ளி ஆண்டு மலரிலும் போட்டிருந்தோம். அவற்றிற் பெரும்பகுதி 1970களின் தொடக்கத்தில் ஒரு திரைப்படத்துக்காக ஒருவர் எழுதியது என்பதை அங்கே சென்றபின்தான் அறிந்தோம். நாணினோம். ஆய்ந்து ஏற்றுக்கொள் என்று மாணவர்க்கு ஓதும் நாமே ஆயாமல் அச்சேற்றினோம்.

பட்டியலில் அடுத்தது பாலார்டு மடைவாயில். கடல்நீரும் ஏரிநீரும் வெவ்வேறு மட்டத்தில் நிற்க, இடையில் கதவுகள் வைத்து, கப்பலைத் தொட்டிலில் ஏற்றி இறக்குவதுபோல ஏற்றி இறக்குகிறார்கள். 1917 இல் திறந்தது. மீன்கள் கடலிலிருந்து ஏரிக்கு ஏறிவர 21 படிகள் கொண்ட நீர் ஏணி. கண்ணாடிச் சாளரம் வழியே அவற்றைக் காணலாம். நாம் சென்றது மே மாதம். பெரிய மீன்கள் திரும்பும் பருவம் வரவில்லை. விரல் நீளக் குஞ்சுகள் கடலை நோக்கிப் போகும் பருவம் அது. பத்தாம் வகுப்பை முடித்தனுப்பிய ஆசிரியருக்கு அக்காட்சி போதும். இந்த மடைக்காக 1916 இல் வாஷிங்டன் ஏரியின் நீர்மட்டத்தை ஏறக்குறைய 9 அடி இறக்கினர். அதனால் கறுப்பாறு என்ற ஓர் ஆறே வற்றி மறைந்தது. அந்த ஆற்றை நம்பி வாழ்ந்தவர்கள் யார் என்று கேட்கிறீர்களா? சியாலின் மக்கள்தாம்.

இவ்வளவும் முதல் வாரம். அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை, தமிழன்பர் ஒருவர் இல்லத்தில் விருந்து. பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள். இட்டிலி, சாம்பார், பொங்கல், வடை, தமிழ்ப் பாட்டு, குழந்தைகள் ஆங்கிலத்தில் சண்டையிட்டன. மகிழ்ச்சியோடு அமர்ந்திருந்தோம். நமக்கு வலப்புறம் ஒரு பெரியவர். பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். இடப்புறம் ஓர் இளைஞர், பொறியாளர், நம் வயதினர். பெரியவர் பேச்சைத் தொடங்கினார்.

"தம்பிக்குச் சொந்த ஊர்?"

சொன்னோம்.

"ஊருக்கு உள்ளேயா, வெளியேயா?"

"உள்ளேதான்."

"எந்தத் தெரு?"

தெருவின் பெயரைச் சொன்னோம். பெரியவரின் முகம் மலர்ந்தது. "அப்படியா! நம்மவர்தான்!" என்று நம் தோளைத் தட்டினார். பிறகு நம்மைத் தாண்டி இடப்புறம் பார்த்தார். "தம்பிக்கு?"

இளைஞர் எழுந்தார். தொலைபேசியில் யாரோ அழைப்பதாகச் சொல்லி வெளித்தாழ்வாரத்துக்குப் போனார். தொலைபேசி ஒலிக்கவில்லை. அது நமக்குத் தெரியும், பெரியவருக்கும் தெரியும். அவர் வடையைச் சாம்பாரில் தோய்த்தவாறே, "ம்" என்றார். அந்த ஓரெழுத்தில் ஒரு நூலின் பொருள் அடங்கியிருந்தது.

தோழர்களே! நாம் மேடைகளில் பேசியிருக்கிறோம். சாதிப் பட்டத்தை நம் தந்தையாரே பெயரிலிருந்து களைந்துவிட்டார். வகுப்பறையில் ஒரு மாணவன் மற்றவனைத் தெருப் பெயர் சொல்லி அழைத்தபோது அரை மணி நேரம் பாடத்தை நிறுத்திப் பேசிய ஆசிரியர் நாம். அப்படிப்பட்ட நாம், எட்டாயிரம் கல்லுக்கு அப்பால், கேட்டதும் தெருவைச் சொல்லிவிட்டோம்! ஏன் சொன்னோம்? எதிர்பாராத கேள்வி என்று சாக்குச் சொல்லலாம். பெரியவருக்கு மரியாதை என்றும் சொல்லலாம். உண்மை வேறு. அந்தத் தெருவின் பெயரைச் சொல்வதால் நமக்கு இழப்பேதும் இல்லை, ஆகவே சொன்னோம். நம் பதில்தான் பக்கத்திலிருந்தவர்க்குக் கேள்வியாயிற்று.

தாழ்வாரத்துக்குச் சென்றோம். மழை தூறிக்கொண்டிருந்தது. என்ன பேசுவதென்று தெரியவில்லை. அவரே பேசினார்: "ஊரெல்லாம் பார்த்தாயிற்றா? கோபுரம், மீன், பன்றி?" ஆயிற்று என்றோம். "சனிக்கிழமை வாருங்கள். மிச்சத்தைக் காட்டுகிறேன்" என்றார்.

அத்தான் பட்டியலில் இல்லாத சியாட்டிலை அந்தச் சனிக்கிழமை கண்டோம்.

முதலில் சீனர் வாழும் பகுதி. 1882 இல் சீனத் தொழிலாளர் நாட்டுக்குள் வரக்கூடாதென அமெரிக்கா சட்டம் இயற்றியது. 1886 பிப்ரவரி 7 ஆம் நாள் இந்நகரில் ஒரு கும்பல் சீனர் வீடுகளுக்குள் புகுந்து, ஏறக்குறைய 350 பேரைக் கப்பல் துறைக்கு விரட்டிற்று. இரயில் பாதை போட்டவர்கள், சுரங்கம் வெட்டியவர்கள். வேலை முடிந்தது, வெளியேறு என்றார்கள். அதே நகரில், சலவைக் கடைக்காரர் மகனாக வளர்ந்த விங் லூக் என்ற சீனர் 1962 இல் நகர மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1965 இல் விமான விபத்தில் மாண்டார். அவர் பெயரால் 1967 முதல் அருங்காட்சியகம் நடக்கிறது. நகருக்கு வருவோர் கோபுரத்தில் ஒரு மணி நேரம் குறைத்துக்கொண்டு இங்கே இரண்டு மணி நேரம் செலவிடலாம்.

விங் லூக் எதற்காகப் போராடினார்? வீட்டுக்காக. தோழர் விளக்கியபோது நம்பவே முடியவில்லை. 1920களிலிருந்து இந்நகரில் பல பகுதிகளின் கிரயப் பத்திரத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள்: கறுப்பருக்கும் ஆசியருக்கும் இவ்வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது, வீட்டு வேலைக்காரராயின் தங்கலாம்! பெருக்க வரலாம், துலக்க வரலாம், குடியிருக்க வரக்கூடாது. எங்கோ கேட்ட இசைபோல் இல்லையா? 1948 இல் உச்ச நீதிமன்றம் இத்தகைய விதிகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றலாகாதென்றது. ஆயினும் வழக்கம் சாகவில்லை. வீடு விற்பதில் வேற்றுமை கூடாதென்ற திட்டம் 1964 இல் மக்கள் வாக்குக்கு வந்தபோது இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்றது. அங்காடியைக் காத்த அதே மக்கள்தாம்! 1968 ஏப்ரல் 4 ஆம் நாள் மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்டார். ஏப்ரல் 19 ஆம் நாள் நகர மன்றம் அச்சட்டத்தை நிறைவேற்றிற்று. ஒரு மாமனிதன் குருதி சிந்திய பிறகு வந்த வாடகைச் சட்டம்.

கிங் என்றதும் ஒன்று. சியாட்டில் இருக்கும் மாவட்டத்தின் பெயர் கிங். அது முதலில் வில்லியம் கிங் என்ற, அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்த ஒரு துணைத் தலைவரின் பெயர். 1986 இல் மாவட்ட மன்றம், இனி இப்பெயர் மார்ட்டின் லூதர் கிங்கையே குறிக்கும் என்று தீர்மானித்தது. 2005 இல் மாநிலமும் சட்டமாக்கியது. பலகையில் ஓரெழுத்தும் மாறவில்லை, ஆள் மாறிவிட்டார்! பெயர் மாற்றம் வீண் செலவு என்று முணுமுணுப்போர் கேட்டுக்கொள்ளட்டும். செலவே இல்லாத வழியும் இருக்கிறது.

நகர மன்றக் கட்டடத்தின் படிகளில் சற்று அமர்ந்தோம். 2023 பிப்ரவரி 21 ஆம் நாள் இங்கேதான், வேலையிலும் வீட்டிலும் பொது இடங்களிலும் சாதி வேற்றுமை காட்டுதல் குற்றம் என்று சட்டம் செய்தார்கள். அமெரிக்க நகரங்களில் அதுவே முதல். அந்நாளில் மன்ற உறுப்பினராயிருந்த க்ஷமா சாவந்த் கொண்டுவந்த தீர்மானம். ஆறு பேர் ஆதரவு, ஒருவர் எதிர்ப்பு. ஆதரித்துப் பேச வந்தவரும் நம் நாட்டவர். எதிர்த்துப் பேச வந்தவரும் நம் நாட்டவர். "இங்கே சாதியே இல்லை, சட்டம் எதற்கு?" என்றார்களாம் எதிர்த்தவர்கள். அதே ஆண்டு கலிபோர்னியாவில் மாநிலச் சட்ட மன்றம் நிறைவேற்றிய இத்தகைய சட்டத்தை ஆளுநர் கையொப்பமிடாமல் திருப்பி அனுப்பினார்.

"அன்று நீங்கள் வந்தீர்களா?" என்று கேட்டோம்.

"வந்தேன். வரிசையில் நின்றேன். பேசவில்லை" என்றார் தோழர். "பேசினால் பெயர் சொல்ல வேண்டும். பெயர் சொன்னால் மறுநாள் அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரியும். பத்தாண்டாக எவரும் கேட்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மேலதிகாரியும் நம் நாட்டவர்தான்."

சட்டம் இருக்கிறதே என்றோம். சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு நம்மிடம் விடையில்லை.

மாலையில் அவருடைய காரோடு படகேறி பெயின்பிரிட்ஜ் தீவுக்குச் சென்றோம். 35 நிமிடப் பயணம். கார் இல்லாமல் நடந்து ஏறுவோர்க்குப் போகும்போதுதான் கட்டணம், திரும்பும்போது இல்லை. பின்னால் நகரம் சிறுத்துக்கொண்டே போகும் காட்சி, கோபுரத்தின் உச்சியில் கண்டதைவிட அழகு. அத்தீவில், நீரை நோக்கி இறங்கும் சரிவில், தேவதாரு மரத்தாலான நீண்ட சுவர் ஒன்று. அதில் 276 பெயர்கள். ஜப்பானோடு போர் மூண்டபின், 1942 இல், ஜப்பானிய வழிவந்தோர் அனைவரும் ஐயத்துக்குரியவர் என்று அமெரிக்க அரசு முடிவு கட்டிற்று. மேற்குக் கரையிலிருந்து ஓரிலக்கத்து இருபதினாயிரம் பேரை முள்வேலிக்குள் அடைத்தது. அவர்களில் பெரும்பாலோர் அந்நாட்டிலேயே பிறந்த குடிமக்கள்! அக்கொடுமை தொடங்கிய இடம் இத்தீவு. ஆறு நாள் தவணை கொடுத்தார்கள். மார்ச் 30 ஆம் நாள் 227 பேர், கையில் கொண்டுபோக இயன்ற பொருளோடு, துப்பாக்கி தாங்கிய வீரர் சூழ, இத்துறையில் படகேறினார்கள். பைக் பிளேஸ் அங்காடியில் காய்கறி விற்ற உழவருள் பெரும் பகுதியினர் ஜப்பானியர். அவர்கள் கடைகள் அந்த ஆண்டு வெறுமையாயின. அங்காடி வாயிலில் அவர்கள் நினைவாக ஓவியம் இருக்கிறதாம். முதல்நாள் அதன் கீழ் நின்றுதான் மீன் பறப்பதை வேடிக்கை பார்த்திருக்கிறோம்!

அப்போது அத்தீவில் ஒரு சிறு வார ஏடு நடந்தது. வால்ட் உட்வர்டும் அவர் மனைவி மில்லியும் நடத்திய பெயின்பிரிட்ஜ் ரிவ்யூ. மேற்குக் கரையின் ஏடுகள் பல வாய்மூடியும் ஒத்தூதியும் இருந்த நாளில், இது அநீதி என்று அந்தக் கணவனும் மனைவியும் எழுதினார்கள். அம்மட்டோ! முகாமுக்குச் சென்ற இளைஞர்களையே நிருபர்களாக அமர்த்தினார்கள். முள்வேலிக்குள் யாருக்குக் குழந்தை பிறந்தது, யாருக்குத் திருமணம் என்று ஊர்ச் செய்திபோல வாரந்தோறும் வெளியிட்டார்கள். ஊரார் மறந்துவிடவில்லை, போர் முடிந்தபின் திரும்பியோர் பலர். 1988 இல்தான் அமெரிக்க அரசு மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்தவர்க்கு ஆளுக்கு 20,000 டாலர் கொடுத்தது.

தோழர் சுவரோடு நடந்து பெயர்களை மெல்லப் படித்துக்கொண்டே போனார். குடும்பம் குடும்பமாகப் பெயர்கள். அவர் முடித்துத் திரும்பியதும் நாம் சொன்னோம்: "அன்று அந்தத் தெருவின் பெயரை நாம் சொல்லியிருக்கக் கூடாது."

"நீங்கள் சொல்லாவிட்டால் குலதெய்வம் எது என்று கேட்டிருப்பார்" என்றார் அவர். "அதற்கும் சொல்லாவிட்டால் அப்பா என்ன தொழில் என்று கேட்டிருப்பார். எனக்கு வரிசை தெரியும்."

ஊர் திரும்புவதற்கு மூன்று நாள் முன்பு, அதே இல்லத்தில் மீண்டும் விருந்து. அக்காளுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது, அதை முன்னிட்டு. தோழர் வரவில்லை. பெரியவர் வந்திருந்தார். "வாங்க, நம்மவரே!" என்று அருகில் இடம் காட்டினார். அமர்ந்தோம்.

"ஐயா, அன்று நாம் சொன்னது பழைய தெரு" என்றோம்.

"வீடு மாறிவிட்டீர்களா? இப்போது எங்கே?"

"பள்ளிக்கூடத் தெரு."

"அது ஊருக்கு எந்தப் பக்கம்?"

"பள்ளிக்கூடம் இருக்கும் பக்கம்."

அன்னையார் நம்மை முறைத்தார். பெரியவர் சற்று நேரம் மனத்துக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். விடை வரவில்லை போலும். பரிமாறிக்கொண்டிருந்த அத்தானை அழைத்து, மோர் கொண்டுவரச் சொன்னார்.